நடந்தே நிலம் கேட்டவர்: ஆச்சார்ய வினோபா பாவே



போன மாதம் எங்க வகுப்பில் பத்துப் பேர் திண்டுக்கல்லில் இருந்து பழனிக்கு சைக்கிளில் போய் வந்தது உங்க எல்லாருக்கும் தெரியும். போக 60, வர 60, மொத்தம் 120 கிலோமீட்டர். பி.இ.டி. சார் பைக்கில் கூடவே வந்தார். எதுக்குப் போனோம்? நம்ம பள்ளியில் எட்டாவது படிக்கிற ஒரு தம்பி தினமும் நாலு கிலோமீட்டர் நடந்து வர்றான். அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள் பதினொன்றாம் வகுப்புக்கு வந்தால்தான் கிடைக்கும். அதுவரைக்கும் அவன் நடக்கணுமா என்று யோசித்துத்தான் கிளம்பினோம்.

கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் தருவதாக 50 பேர் நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க. 6,000 ரூபாய், ஒரு சைக்கிளுக்குப் போதும். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் எதிர்க்காத்து, கால் ரெண்டும் கழண்டு போச்சு. இருந்தாலும் மிதித்தோம். திரும்பி வந்து கேட்டால் 22 பேர்தான் கொடுத்தாங்க, 2,640 ரூபாய். மத்தவங்க அப்புறம் பார்க்கலாம்னு சொல்லிட்டாங்க. எனக்கு அழுகையும் கோபமுமா வந்தது. வரலாறு சாரிடம் புலம்பினேன். அவர் ஒண்ணும் சொல்லாமல் நூலகத்தில் இருந்து வினோபாவின் வாழ்க்கை வரலாறு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதில் படித்ததைத்தான் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

மகாராஷ்டிராவில் ககோடே என்ற சிற்றூரில் 1895 செப்டம்பர் 11-ல் பிறந்தவர் விநாயக் நரஹரி பாவே. கணக்கில் கெட்டிக்காரர். 1916-ல் இன்டர்மீடியட் பரீட்சை எழுத பம்பாய்க்கு ரயில் ஏறியவர், வழியில் இறங்கி காசிக்குப் போய்விட்டார். அதற்கு முன்பே தன் சான்றிதழ்களை எல்லாம் அடுப்பில் போட்டு எரித்துவிட்டார். (இதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம் என்று சார் எழுதச் சொன்னார்!) அதே வருடம் காந்தியடிகளின் ஆசிரமத்தில் சேர்ந்தார். 1940-ல் தனிநபர் சத்தியாகிரகம் தொடங்கியபோது, முதல் ஆளாக காந்தி தேர்ந்தெடுத்தது நேருவை அல்ல, இவரைத்தான். பல முறை சிறைக்குப் போனார்.

சுதந்திரம் வந்தது, காந்தி மறைந்தார். தெலுங்கானாவில் நிலம் வைத்திருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பெரிய மோதல் நடந்து ரத்தம் சிந்திய நேரம். 1951-ல் வினோபா அங்கே நடந்தே போனார். ஏப்ரல் 18-ஆம் தேதி போச்சம்பள்ளி கிராமத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் தங்களுக்கு 80 ஏக்கர் நிலம் வேண்டும் என்று கேட்டார்கள். அவரிடம் ஒரு சென்ட் நிலம் கூட இல்லை. கூட்டத்தைப் பார்த்து, யாராவது தர முடியுமா என்று கேட்டார். ராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். பூமிதான இயக்கம் பிறந்தது இப்படித்தான்.

அப்போது அவருக்கு 55 வயது. வயிற்றில் புண். தயிரும் பாலும்தான் முக்கிய சாப்பாடு. அப்படியும் விடிவதற்கு முன்பே கிளம்பி, தினமும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தார். காரில் வரச் சொல்லிப் பலர் கூப்பிட்டும் ஏறவில்லை. போகிற ஊரில் எல்லாம், தன்னையும் வீட்டில் ஒரு பிள்ளையாக நினைத்து ஆறில் ஒரு பங்கு நிலத்தை ஏழைகளுக்குக் கொடுக்கும்படி கேட்டார். 1953-ல் தாழ்த்தப்பட்ட மக்களோடு தேவ்கர் கோவிலுக்குப் போனபோது அடி வாங்கினார், காதில் காயம். ஆனாலும் நடையை நிறுத்தவில்லை.

1956 மே மாதம் காஞ்சிபுரத்தில் சர்வோதய மாநாடு நடந்தது. தொடர்ந்து தமிழ்நாடு முழுக்க நடந்தார். காந்திகிராமத்தோடு நெருங்கிய தொடர்புள்ள ஜெகந்நாதன் - கிருஷ்ணம்மாள் தம்பதியர் இங்கே இந்த இயக்கத்துக்காக உழைத்தவர்கள்.

நான் சைக்கிளில் போய் இறங்கிய அதே பழனியில் 1956 கடைசியில் ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டது. (பழனி அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது.) அதுவரை காந்தி நினைவு நிதியில் இருந்து இயக்கத்துக்குப் பணம் வந்து கொண்டிருந்தது. மாநிலம்தோறும் கமிட்டி இருந்தது. பணமும் வேண்டாம், கமிட்டியும் வேண்டாம், இனி மக்களை மட்டும் நம்பி நடப்போம் என்று முடிவு செய்தார்கள். இருந்த பிடிமானத்தையும் விட்டுவிட்டு நடந்தவரை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த வருடம் கன்னியாகுமரி, பிறகு கேரளா என்று நடை தொடர்ந்தது. 1958-ல் மகசேசே விருது கிடைத்தது. 1960-ல் சம்பல் பள்ளத்தாக்கில் கொள்ளைக்காரர்கள் அவரிடம் துப்பாக்கியை ஒப்படைத்தார்கள். 1962-ல் கிழக்குப் பாகிஸ்தானிலும் (இன்றைய வங்கதேசம்) நடந்து, அங்கேயும் நிலம் வாங்கிக் கொடுத்தார். 1964-ல் பவுனார் ஆசிரமத்துக்குத் திரும்பினார். மொத்தம் 13 வருடம்! எழுதிக் கொடுக்கப்பட்ட நிலம் 40 லட்சம் ஏக்கருக்கும் மேல்.

இதோடு முடித்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அடுத்த பக்கத்தில்தான் எனக்கு வேண்டியது இருந்தது. தருவதாகச் சொன்ன நிலம் முழுக்க ஏழைகள் கைக்கு வந்து சேரவில்லை. சிலது கல்லும் கரடுமாக இருந்தது. சிலது வழக்கில் கிடந்தது. சிலர் சொன்னதோடு சரி. பல லட்சம் ஏக்கர் கைமாறாமலே போனது. ஆனால் லட்சக்கணக்கான ஏக்கர், நிலமே இல்லாதவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததும் உண்மை. சேர்ந்த இடத்தில் எல்லாம், யாரோ ஒருவர் மறுபடி மறுபடி நடந்து, பட்டா எழுதி, அளந்து கொடுத்திருக்கிறார்.

வினோபா 1982 நவம்பர் 15-ல் மறைந்தார். 1983-ல் அவருக்கு பாரத ரத்னா வழங்கப்பட்டது.

புத்தகத்தை மூடினதும் எனக்கு வெட்கமா போச்சு. அவ்வளவு பெரிய மனுஷருக்கே சொன்னது எல்லாம் வந்து சேரலை. நான் ரெண்டு நாள் மிதிச்சுட்டு, ஒரு தடவை கேட்டுட்டு, ஊரே மோசம்னு பேசிட்டேன். சொன்ன சொல்லுக்கும் கொடுக்கிற கைக்கும் நடுவில் உள்ள தூரம் பழனியை விட அதிகம். அதையும் நாமதான் மிதிக்கணும்.

நண்பர்களே! நோட்டில் இன்னும் 28 பெயர் பாக்கி. வரும் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு சைக்கிள் ஸ்டாண்டில் இருந்து கிளம்புகிறோம். விருப்பம் உள்ளவர்கள் வரலாம். கோபத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும். அந்த 28 பேரில் எங்க மாமாவும் ஒருத்தர். முதலில் அவர் வீட்டுக்குத்தான் போகிறோம்.

- பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு