அந்நியருக்காக அழுத கிராமம்



மரித்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்றெனத் திருச்சபை போதிக்கின்றது. மறைப்பணியாளர் டேவிட் லிவிங்ஸ்டனின் மரணம் இப்போதனைக்கு உயிருள்ள விளக்கமாகும்.

1813ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தில் வறிய குடும்பத்தில் பிறந்த அவர், 10 வயதிலேயே பஞ்சாலைத் தொழிலாளியானார். வேலை முடிந்தபின் இரவில் கற்றார்; பின்னர் மருத்துவரானார். 1841இல் லண்டன் மிஷனரி சங்கத்தின் பணியாளராகத் தென்னாபிரிக்காவை அடைந்தார். அவரால் மனந்திரும்பியோர் மிகச் சிலரே. ஆயினும், ஆபிரிக்க மக்களை விலங்குகளைப்போல் விற்ற அடிமை வணிகத்தின் கொடுமையை அவர் உலகறியச் செய்தார்.

1873 மே மாதத் தொடக்கத்தில், இன்றைய சாம்பியாவில், சிட்டாம்போ என்னும் தலைவரின் கிராமத்தில் அவர் இறந்தார். படுக்கையருகே முழந்தாளிட்ட நிலையிலேயே உயிர் பிரிந்திருந்தது.

உடனிருந்த சூசி, சூமா முதலிய ஆபிரிக்கத் தோழர்கள் கலங்கினர். அந்நியர் ஒருவர் தமது மண்ணில் மரித்ததற்காகத் தலைவர் சினங்கொள்வாரோ என அஞ்சினர். ஆனால் கிறிஸ்துவை அறியாத அத்தலைவர், தம் மனைவியரோடும் மக்களோடும் துக்கம் அனுஷ்டிக்க வந்தார். பறைகள் முழங்கின, கிராமமே ஓலமிட்டு அழுதது.

லிவிங்ஸ்டனின் இதயம் அங்கு ஒரு மரத்தடியில் புதைக்கப்பட்டது. அடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட்டு, இந்தியாவின் நாசிக்கில் கல்வி கற்ற யாக்கோபு வெயின்ரைட் அடக்கச் செபங்களை வாசித்தார். பின்பு உடலை உப்பிட்டு வெயிலில் உலர்த்தி, மரப்பட்டையில் பொதிந்து, தோழர்கள் கடற்கரை நோக்கிப் புறப்பட்டனர்.

ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் தூரம்; ஒன்பது மாதப் பயணம். வழியில் சிலர் நோயால் மாண்டனர். பிணம் தம் ஊர் வழியே செல்வதை மக்கள் எதிர்த்தபோது, அதைத் துணிப்பொதிபோல் கட்டிச் சுமந்தனர். இடைவழியில் சந்தித்த ஆங்கிலேய அதிகாரி அங்கேயே அடக்கம் செய்யுமாறு கூறியும் அவர்கள் இணங்கவில்லை.

1874 பெப்ரவரியில் அவர்கள் கரையோர நகரான பாகமோயோவை அடைந்தனர். அங்கிருந்த கத்தோலிக்கத் துறவிகள், பிரிந்த சபையைச் சேர்ந்த அவ்வுடலைத் தமது ஆலயத்தில் ஏற்றுக்கொண்டனர். அவ்வாண்டு ஏப்ரல் 18ஆம் நாள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பெரியோர் பலர் சூழ அடக்கம் நிகழ்ந்தது. சுமந்து வந்தவர்களுள் வெயின்ரைட் மட்டுமே அங்கு நின்றார். சூசியும் சூமாவும் அதற்குப் பின்னரே இங்கிலாந்தை அடைந்தனர்.

அன்பானவர்களே, மரண வீட்டுக்குச் செல்லுமுன் இறந்தவர் எந்த ஊரவர், எந்தச் சபையினர், நம் வீட்டுத் துக்கத்துக்கு வந்தவரா என்று நாம் கணக்குப் பார்ப்பதுண்டு. சிட்டாம்போ அவ்வாறு கேட்கவில்லை. பாகமோயோத் துறவிகளும் கேட்கவில்லை. தோபித்து தம் உணவையும் விட்டெழுந்து மரித்தோரை அடக்கியதை விவிலியம் போற்றுகின்றது. இறந்தவர் நமக்குக் கைம்மாறு செய்ய இயலாதவர். ஆதலால் அவருக்குச் செய்யும் அன்பே கலப்பற்ற அன்பு.

இவ்வாரம் நம் அயலில் துக்கம் நேர்ந்த வீடொன்று இருக்குமாயின், அழைப்புக்குக் காத்திராது சென்று அமர்வோம். அழுவோரோடு அழுத ஆண்டவர் அங்கே நமக்கு முன்பே இருப்பார்.