நைட்டிங்கேல் மூடிய பிரசவ அறை

மாணவர்களே, மே 12 அனைத்துலகத் தாதியர் தினம். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள் அது. கையில் விளக்கோடு போர்க்கால மருத்துவமனையில் நடந்து வரும் பெண்ணாகத்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு, அவருடைய விளக்கைவிட அவர் போட்ட கட்டங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. படிவத்தில் வரும் கட்டங்களைச் சொல்கிறேன்: ஆண், பெண், வயது, நோய், குணமானவர், இறந்தவர்.

1820-இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில், வசதியான ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தார். ஊரின் பெயரே பிள்ளைக்கும் வந்தது. அவருக்குக் கணிதம் படிக்க ஆசை. பெண்ணுக்கு அது எதற்கு என்று தாயார் நினைத்தார். தாதி வேலைக்கோ அதைவிடக் கடுமையான எதிர்ப்பு. மதிப்பான குடும்பத்துப் பெண்கள் அந்தக் காலத்தில் அதற்குப் போகமாட்டார்கள். ஜெர்மனிக்குப் போய்ப் பயிற்சி பெறும்போது அவருக்கு 31 வயது ஆகிவிட்டது.

1854-இல் கிரிமியப் போர். 38 பெண்களை அழைத்துக்கொண்டு துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அங்கே இறந்தவர்களைக் குறிக்க மூன்று பதிவேடுகள் இருந்தன. மூன்றும் மூன்று எண்ணிக்கை காட்டின. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதே உறுதியாகத் தெரியாத இடத்தில், ஏன் செத்தார்கள் என்று எப்படிக் கேட்பது? நாடு திரும்பியதும் வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் அறிஞருடன் உட்கார்ந்து கணக்கைச் சீர்படுத்தினார். போர்க் காயத்தைவிட நோய்தான் அதிக வீரர்களைக் கொன்றது என்பதை வண்ண வட்ட வரைபடமாக வரைந்து காட்டினார். 1858-இல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. இவை பல நூல்களில் உள்ளவைதான்.

பெண்களைப் பற்றி அவர் எடுத்த கணக்குதான் அதிகம் பேசப்படுவதில்லை.

போர் முடிந்ததும் மக்கள் திரட்டிக் கொடுத்த நிதியில் தாதியர் பள்ளி தொடங்கினார். அதே நிதியில் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் ஒரு பிரசவ வார்டும் திறக்கப்பட்டது. கிராமத்து ஏழைகளுக்குப் பேறுகாலம் பார்க்கும் மருத்துவச்சிகளைப் பயிற்றுவிப்பது நோக்கம். ஆறு ஆண்டுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் அங்கே 780 பெண்கள் பிள்ளை பெற்றார்கள். 26 பேர் இறந்தார்கள். முப்பது பேரில் ஒருவர்! இங்கிலாந்து முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 5 தாய்மார்களே இறந்தார்கள். தம் பெயர் தாங்கிய நிதியில் நடந்த அந்த வார்டை 1867-இல் மூட வைத்தார். பெயர் கெட்டுவிடுமே என்று எண்களை மூடி வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் செயல் இதுதான், ஸ்குட்டாரி அல்ல.

வார்டை மூடியதோடு அவர் நிற்கவில்லை. மற்ற மருத்துவமனைகளில் எத்தனை தாய்மார் இறக்கிறார்கள் என்று தேடினார். நம்பத்தக்க கணக்கு எங்குமே இல்லை. பிரசவக் காய்ச்சலில் இறந்தவரை வேறு நோயின் பெயரில் எழுதினார்கள். சாகும் நிலையில் வேறு வார்டுக்கு மாற்றப்பட்டவரும், வீட்டுக்குப் போய் இறந்தவரும் பிரசவக் கணக்கிலிருந்து நழுவினார்கள். கிடைத்ததை எல்லாம் சேர்த்து 1871-இல் ஒரு நூல் வெளியிட்டார். சாக்ரடீஸின் தாயாருக்கு அதைக் காணிக்கை ஆக்கினார். அந்த அம்மாள் ஒரு மருத்துவச்சி. பெரிய மருத்துவமனைகளைவிட ஏழையின் குடிசையில் நடந்த பிரசவமே பாதுகாப்பாக இருந்தது என்று எண்கள் காட்டின. டாக்டர்கள் பலருக்கு இது கசந்திருக்கும்.

நழுவும் கணக்கு என்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். பாசிர் பெனம்பாங்கில் குடியிருந்துகொண்டு, கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களுக்குத் தாய்சேய் நலத் தாதியாகப் போய்வந்தேன். நம் பெண்கள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போவார்கள். ஏழு மாதம் வரை எங்களிடம் பார்த்தவள், வளைகாப்பு முடிந்ததும் பேராக்கிலோ ஜொகூரிலோ இருப்பாள். எங்கள் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே கட்டம் காலியாக நிற்கும். பிள்ளை பிறந்து 42 நாளுக்குள் தாய் இறந்தால் அது மகப்பேற்று மரணத்தில் சேர வேண்டும். எந்த ஊர்க் கிளினிக் அதைச் சொல்லும்? தொலைபேசி அதிகம் இல்லாத காலத்தில், லயத்து வீட்டுக் கதவைத் தட்டி மாமியாரிடம் கேட்டுத்தான் அந்தக் கட்டத்தை நிரப்பினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

இப்படிக் கதவு தட்டிச் சேர்த்த எண்களில்தான் நாட்டின் கணக்கு நிற்கிறது. 1957-இல் மலாயாவில் ஒரு லட்சம் பிறப்புக்குச் சுமார் 280 தாய்மார் இறந்தார்கள். கோவிட் தாக்கிய 2021-இல் அந்த எண்ணிக்கை 60-ஐத் தாண்டியதை ஒதுக்கிவிட்டால், அண்மைக் காலத்தில் அது 25-ஐ ஒட்டியே இருக்கிறது. 1991 முதல் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் தனித்தனியாக ஆராய்கிறார்கள். யாரைத் தண்டிக்கலாம் என்று பார்ப்பதற்கு அல்ல, எங்கே தவறியது என்று அறிவதற்கு. கல்வி, வேலை, உடல்நலம், அரசியல் ஆகியவற்றில் ஆண் பெண் இடைவெளியை நமது புள்ளிவிவரத் துறை அளந்து வெளியிடுகிறது. இதைத்தான் பாலினப் புள்ளிவிவரம் என்கிறார்கள். பிறப்பையும் இறப்பையும்கூட முழுமையாகப் பதிய முடியாத நாடுகள் இன்னும் பல உண்டு. அங்கே தாய்மார் மரணத்தை உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பீடாகவே சொல்ல முடிகிறது.

நைட்டிங்கேல் அந்த வேலையையும் தொட்டார். 1860-இல் லண்டனில் கூடிய அனைத்துலகப் புள்ளியியல் மாநாட்டில், எல்லா மருத்துவமனைகளும் ஒரே வகைப் படிவத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று அவர் வகுத்த திட்டம் வைக்கப்பட்டது. பிரிட்டிஷ் காலனிகளின் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் படிவங்கள் அனுப்பச் செய்தார். இலங்கையும் அவற்றில் ஒன்று. வந்த பதில்களில் குறைகள் ஏராளம். அந்தக் குறைகளையும் சேர்த்தே 1863-இல் அச்சிட்டார். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலே, அங்கிருந்த ராணுவ நிலையங்களிலிருந்து விவரம் கேட்டு வாங்கினார். ஆள்வது யார், ஏன் ஆள்கிறார்கள் என்ற கேள்வியை அவர் எழுப்பியதில்லை. அந்தக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். 1861 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நோயாளிகளையும் வீடுகளின் நிலையையும் சேர்க்கச் சொன்னபோது, அவருடைய அரசாங்கமே மறுத்துவிட்டது.

இத்தனையும் பெரும்பாலும் படுக்கையில் இருந்தபடி செய்தவை. போரிலிருந்து திரும்பிய பிறகு அவர் உடல் முழுமையாகத் தேறவே இல்லை. 1910 ஆகஸ்டு 13-இல், 90 வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய இடம் தர முன்வந்தார்கள். குடும்பத்தார் வேண்டாம் என்று சொந்த ஊர்ப்பக்கம் கொண்டுபோனார்கள். கல்லறைக் கல்லில் முழுப் பெயர்கூட இல்லை. எஃப். என். என்ற முதலெழுத்துகளும், பிறந்த தேதியும் இறந்த தேதியும் மட்டும் பொறித்திருக்கிறார்கள்.