வாதத்திற்கு மருந்து வகுத்த சீனப் பெரியார்

மைசூரில் தேவராஜ மொஹல்லாவில் வாழ்வோர்க்கு மருந்தின் மணம் புதியதன்று. எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டால் ஒரு பக்கம் தன்வந்திரி சாலை. சற்று அப்பால் சயாஜி ராவ் சாலையில், 1908-ஆம் ஆண்டு நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் தோன்றிய ஆயுர்வேதக் கல்லூரி. தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகை மணம் முடியும் இடத்தில் சுக்கும் அரத்தையும் மணக்கத் தொடங்கும். நாம் நாட்டு மருந்துக் கடை என்பதைக் கன்னடத்தார் கிரந்திகெ அங்கடி என்பர். அம்மாவின் முழங்கால் வலிக்கு மகாராஸ்நாதிக் கஷாயத்துக்கான சரக்குகளை நான் அங்கே வாங்காத மாதம் இல்லை.

சென்ற ஆண்டு சிங்கப்பூரிலிருந்து வந்த என் தாய்மாமன் ஒரு பெட்டியைக் கொடுத்துச் சென்றார். உள்ளே மிளகு போன்ற கரிய மாத்திரைகள். மேலே சீன எழுத்துக்கள். அங்கே சீனக் கிழவர்கள் மூட்டு வலிக்கு இதைத்தான் உண்கிறார்கள் என்றும், அக்காவும் இதை உண்டு மாடிப்படி ஏறட்டும் என்றும் சொன்னார். அம்மாவுக்கோ அச்சம். என்னவென்று தெரியாததை எப்படி விழுங்குவது என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதானே? சீன மொழி அறிந்த நண்பர் ஒருவரிடம் பெட்டியைக் காட்டினேன். மருந்தின் பெயர் துஹுவோ ஜிஷெங் என்று அவர் படித்துச் சொன்னார். அதை வகுத்தவர் யார் என்று தேடப்போய், ஒரு மனிதரின் வாழ்வில் பல நாட்கள் ஆழ்ந்துவிட்டேன். அவர்தாம் சுன் சிமியாவ்.

இன்றைய ஷான்சி மாநிலத்தில் யாவ்சோ என்னும் ஊர்ப்பகுதியில் பிறந்தவர் அவர். பிறந்த ஆண்டு 581 என்பதே பெரும்பாலோர் கொள்ளும் கணக்கு. இளமையில் ஓயாத நோய். மருத்துவர்க்கும் மருந்துக்குமாகக் குடும்பத்தின் பொருள் எல்லாம் கரைந்தது. தம் நோய்க்காகப் பெற்றோர் வறியவரானதைக் கண்டு வளர்ந்த பிள்ளை, பின்னாளில் மருத்துவனாகிப் பொருள் ஈட்ட எண்ணாததில் வியப்பில்லை. ஏடுகளைக் கற்றார். அத்துடன் நில்லாமல், எங்கேனும் ஒருவருக்கு நல்ல கைமருந்து தெரியும் என்று கேள்விப்பட்டால் தொலைவு பாராமல் சென்று கேட்டறிந்தார்.

அரசர்கள் அவரை அழைத்தனர். சூயி மரபின் பேரரசரும், பின்னர் தாங் மரபின் தைசோங்கும் தர முன்வந்த பதவிகளை அவர் ஏற்கவில்லை. 659-இல் காவ்சோங் அழைத்துப் பெரும்பதவி அளித்தபோதும் மறுத்தார். தலைநகர் சாங்ஆனில் சில காலம் தங்கியிருந்து, 674-இல் உடல் நலமில்லை என்று விடைபெற்று மலைக்குத் திரும்பினார். நம்மில் எத்தனை பேர் ஒரு சிறு அலுவலுக்காக எத்தனை விண்ணப்பம் எழுதுகிறோம் என்பதை எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

அவருடைய பெருநூல் 652-ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. மனித உயிர் ஆயிரம் பொன்னினும் உயர்ந்தது. அவ்வுயிரைக் காக்கும் ஒரு மருந்துக் குறிப்போ அதனினும் மேலானது என்னும் கருத்தில், ஆயிரம் பொன் பெறும் மருந்து முறைகள் என்று அதற்குப் பெயரிட்டார். முப்பது பகுதிகள், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட முறைகள். மகளிர் நோயையும் குழந்தை நோயையும் நூலின் முற்பகுதியிலேயே வைத்தார். மருத்துவனின் ஒழுக்கத்தைப் பற்றியும் நூலின் தொடக்கத்திலேயே எழுதினார். வந்தவர் செல்வரா வறியவரா, நண்பரா பகைவரா, தம் நாட்டவரா அயலவரா என்று மருத்துவன் பார்த்தல் கூடாது. எல்லாரையும் தன் உறவினராகவே கருத வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. ஓர் உயிரைக் காக்க வேறோர் உயிரைக் கொல்வதையும் அவர் விரும்பவில்லை. இயன்றவரை உயிருள்ள விலங்குகளை மருந்தாக்காமல் விலக்கினார்.

இனி எங்கள் பெட்டியில் இருந்த மருந்துக்கு வருகிறேன். அது அந்நூலில் காற்று நோய்களைப் பற்றிய பகுதியில் உள்ளது. காற்று! மூட்டில் குடைவதையும், இடுப்பில் பிடிப்பதையும், கால் மரத்துப்போவதையும் சீனர் காற்றின் வேலை என்றனர். நாம் வாதம் என்கிறோம். வாதம் என்றாலும் காற்றுத்தானே! ஈரத் தரையில் படுப்பதாலும், உடலின் உள்வலிமை குன்றிய வேளையில் குளிர்காற்றுப் படுவதாலும் இந்நோய் வருகிறது என்று சுன் எழுதினார். பிள்ளை பெற்ற பெண்டிர்க்கு உண்டாகும் கால் வலிக்கும் இம்மருந்து ஏற்றது என்றார். என் பிறப்பைத்தான் அம்மா தம் கால் வலிக்குக் காரணமாகக் காட்டுவது வழக்கம். அவர் பக்கம் பதின்மூன்று நூற்றாண்டுப் பழமையான சான்று ஒன்று சேர்ந்துவிட்டது.

மருந்தில் சரக்குகள் பதினைந்து. முதலாவது துஹுவோ என்னும் வேர். அப்பெயருக்குத் தனித்து வாழ்வது என்று பொருள். காற்று அடிக்கும்போது அச்செடி அசைவதில்லை என்று பழஞ்சீனர் நம்பினர். காற்று நோய்க்கு அதனைத் தலைமருந்தாக்கினர். இரண்டாவது ஜிஷெங், பிறிதொன்றை ஒட்டி வாழ்வது என்று பொருள். அது முசுக்கட்டை மரத்தில் வளரும் புல்லுருவி. மல்பெரி என்று நாம் சொல்லும் அம்மரத்தைப் பட்டுப்புழுவுக்காகப் பயிரிடும் ஊர்கள் மைசூர்ப் பக்கத்தில் நிறைய உண்டு. ஆனால் அதன்மேல் புல்லுருவி கண்டால் நம் உழவர் வெட்டி எறிவர். தனித்து வாழ்வதும் ஒட்டி வாழ்வதும் ஒரே குடுவையில் கொதிக்கின்றன! ஏனையவற்றுள் அதிமதுரமும் இலவங்கப்பட்டை இனமும் நமக்குத் தெரிந்தவை. நியூசி என்னும் வேர் நம் நாயுருவிக்கு நெருங்கிய உறவு. ஜின்செங்கை இன்று உலகமே அறியும்.

துஹுவோ மூன்று பங்கு, மற்றவை இரண்டிரண்டு பங்கு. பத்துப் படி நீர் விட்டு மூன்று படியாகச் சுண்டக் காய்ச்சி, மூன்று வேளையாகக் குடித்து, உடலைக் குளிர் படாமல் வைத்திருக்க வேண்டும். அம்மா கஷாயம் வைக்கும் முறையேதான். சேர்க்கையில் ஒரு நுட்பம் இருக்கிறது. சில சரக்குகள் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றும் என்றும், சில குருதியையும் வலிமையையும் வளர்க்கும் என்றும் சீன மருத்துவர் விளக்குவர். நெடுநாள் வலியில் கிடப்பவன் ஏற்கெனவே இளைத்திருக்கிறான். நோயை மட்டும் அடித்தால் ஆளும் விழுந்துவிடுவான் என்பது அதன் உட்பொருள்.

நம் நாட்டின் தொடர்பும் அவர் நூலில் உண்டு. நிலம், நீர், தீ, காற்று ஆகிய நான்கும் நிலை குலைந்தால் ஒவ்வொன்றிலும் நூற்றொரு நோய், ஆக 404 நோய் என்னும் பௌத்தர் கணக்கை அவர் எடுத்தாண்டார். உலகத்துப் பொருள் யாவும் மருந்தே என்னும் கருத்தைப் புத்தர் காலத்து மருத்துவரான சீவகர் பெயரால் தம் இரண்டாம் நூலில் குறித்தார். இந்தியப் பார்ப்பனர் முறை என்று பெயர் சொல்லிப் பதினெட்டு உடற்பயிற்சிகளையும் எழுதி வைத்தார். கை கழுவுவது போல இரு கைகளையும் முறுக்குவது, வில்லை வளைப்பது போல இழுப்பது என அவை செல்கின்றன. முதியவர் நாள்தோறும் மும்முறை செய்தால் ஒரு மாதத்தில் ஓடும் குதிரைபோல் நடப்பர் என்பது அவர் தந்த உறுதி. 1930களில் கிருஷ்ணமாச்சாரியார் யோகம் கற்பித்த ஜகன்மோகன் அரண்மனைக்கு நடை தூரத்தில் அமர்ந்து இதைப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. குதிரையைப் பற்றிய உறுதியை மட்டும் அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

இவ்வளவு பெரியவர், தம்மால் இயலாததை மறைக்கவில்லை. அறுநூறுக்கு மேற்பட்ட தொழுநோயாளரைப் பார்த்ததாகவும், குணமானோர் பத்தில் ஒருவரே என்றும் அவரே எழுதினார். இன்று அந்நோய்க்கு உறுதியான மருந்து உண்டு, அன்று இல்லை. விளம்பரத்தில் நூற்றுக்கு நூறு குணம் என்று முழங்குவோர் அந்தப் பத்தில் ஒன்றை ஒருமுறை படிக்க வேண்டும்.

லூ சாவ்லின் என்னும் இளங்கவிஞர் அவருடைய மாணவர், நோயாளியும்கூட. கைகால்களை முடக்கும் கொடிய நோய் அவரைப் பற்றியிருந்தது. 673-இல் சாங்ஆனில் சுன் தங்கிய இல்லத்தில் அவரும் இருந்தார். ஆசிரியர் தொண்ணூறு கடந்தவர். ஆயினும் கண்ணும் செவியும் மங்காதவர். மாணவரோ வாழ வேண்டிய வயதில் முடங்கியவர். முற்றத்தில் நோயுற்ற பேரி மரம் ஒன்று நின்றது; அதனைப் பொருளாக வைத்தே லூ ஒரு பாட்டு இயற்றினார். சுன் அவரோடு நோயைப் பற்றியும், வானையும் மனித உடலையும் ஒப்பிட்டும் உரையாடினார். நோயை மட்டும் அவரால் நீக்க இயலவில்லை. ஆசிரியர் மறைந்த பின்னர், துயர் தாங்காத கவிஞர் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். இந்தப் பகுதியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அடுத்த அறையில் அம்மா காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பெட்டியையும் சரக்குப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். அதிமதுரம் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியது. அம்மாவோ அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவர். பட்டியலில் உள்ள சீசின் என்னும் செடி ஆடுதின்னாப்பாளைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்துச் செடிகளில் காணப்படும் ஓர் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது சுன் காலத்தில் அறியப்படாத செய்தி. பழமையான மருந்து என்பதாலேயே இதனை உண்ண வேண்டாம் என்றார் அவர். தொடை வலுப்பெறும் பயிற்சிகள் சிலவற்றைச் சொல்லிக்கொடுத்தார். அம்மா இப்போது நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி மடக்குகிறார். மாடிப்படியில் பாதிவரை ஏறி மூச்சு வாங்குகிறார்.

சுன் சிமியாவ் 682-இல் மறைந்தார். தம்மை எளிமையாகப் புதைக்க வேண்டும், கல்லறையில் பொருள்கள் வைக்கக் கூடாது, படையலுக்கு எந்த உயிரையும் பலியிடக் கூடாது என்பன அவர் விட்டுச் சென்ற கட்டளைகள். மக்கள் அவரை மருந்தரசர் என்றனர். அவர் ஊரில் உள்ள மலைக்கும் அதே பெயர். சோங் அரசு 1066-இல் அவர் நூலைத் திருத்தி அச்சிட்டது; 1962-இல் சீனா அவர் உருவத்தோடு அஞ்சல் தலை வெளியிட்டது.

சிங்கப்பூர்ப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. எறிந்துவிடலாமா என்று ஒருநாள் கேட்டேன். படையலுக்கு ஆட்டைக்கூட வெட்ட வேண்டாம் என்று சொன்ன மனிதருடைய மருந்து, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அம்மா தடுத்துவிட்டார்.