வானொலி அறிஞர் எட்வின் ஆம்ஸ்ட்ரோங்

வானொலிக் கலையை வளர்த்த பெரியார் யாவர் என வினவின், மார்க்கோனியின் பெயரே முதற்கண் நம் நினைவுக்கு வரும். மெலிந்து வந்த அலையைப் பெருக்கிச் செவி நிறையக் கேட்கச் செய்தவரையும், இரைச்சலை நீக்கி இசையைத் தெளிவுறத் தந்தவரையும் நம்மிற் பலர் அறியோம். இவ்விரு செயலையும் புரிந்தவர் எட்வின் ஹவார்ட் ஆம்ஸ்ட்ரோங் என்னும் ஒருவரே. அவருடைய முதற் கண்டுபிடிப்பு மாணவப் பருவத்திலே, பெற்றோர் இல்லத்தில் அரும்பியதாகும். ஆதலின் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம்.

ஆம்ஸ்ட்ரோங் 1890ஆம் ஆண்டு திசெம்பர் 18ஆந் திகதி நியூயோர்க் நகரிற் பிறந்தார். தந்தையார் நூல் வெளியீட்டுத் துறையில் அலுவல் பார்த்தவர், தாயார் ஆசிரியை. இளமையிற் கண்ட கடுநோயால் எட்வின் இரண்டாண்டுகள் பள்ளிக்குச் செல்லாது வீட்டிலேயே கற்க நேர்ந்தது. பின்னர்க் குடும்பத்தார் ஹட்சன் நதிக்கரையிலுள்ள யொங்கேர்சிற் குடியேறினர். அவ்வில்லத்தின் மேன்மாட அறையே சிறுவனின் ஆய்வுகூடமாயிற்று. கம்பிச் சுருள்களும் காதொலிக் கருவிகளும் அவ்வறையை நிறைத்தன.

அந்நாளில் வாங்கிகள் அலையைப் பெருக்கும் ஆற்றல் அற்றவை. வான்கம்பி பற்றிய சிறு சத்தி எதுவோ அதுவே காதில் ஒலித்தது. ஆகவே கம்பியை உயர்த்துதலே தொலைவை வெல்லும் வழியாயிருந்தது. 1910இல் ஆம்ஸ்ட்ரோங் தம் வளவிலே 125 அடி உயரமான கம்பமொன்றை நாட்டினார். தாமே கயிற்றிருக்கையில் அமர்ந்து மேலேறி வேலை செய்தார்.

ஆயினும் கம்பத்தை எல்லையின்றி உயர்த்துதல் இயலாது. அப்போது கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பயின்றுகொண்டிருந்த அவர், லீ டி பொரெஸ்ட் 1906இல் ஆக்கிய மும்முனை வால்வை ஆராயத் தொடங்கினார். அது தொழிற்படும் முறை அக்காலத்திற் சரிவர விளங்கியிருக்கவில்லை. ஆம்ஸ்ட்ரோங் பொறுமையுடன் அளந்து நோக்கினார். வால்விலிருந்து வெளிவரும் அலைவின் ஒரு பகுதியை அதன் உட்புறத்துக்கே மீளச் செலுத்தின், அலை மேன்மேலும் பெருகும் எனக் கண்டார். 1912இல் இம்முறை வெற்றி பெற்றது. அரிதிற் கேட்ட தொலைவொலிகள் அறை முழுவதும் ஒலித்தன. அளவு கடந்து மீளச் செலுத்தின், வால்வு தானே அலையைப் பிறப்பிக்கும் என்பதும் புலனாயிற்று.

காப்புரிமை பெறுதற்குத் தந்தையார் பணம் தர இசையவில்லை. முதலிற் பட்டம் பெறுக என்றார். எனவே 1913 சனவரி 31இல் வரைபடமொன்றைச் சான்றுறுதி செய்வித்தலோடு ஆம்ஸ்ட்ரோங் அமைய வேண்டியதாயிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே விண்ணப்பம் சென்றது. பின்னர் டி பொரெஸ்ட் தாமே முன்னர்க் கண்டதாக வழக்காடினார். பல்லாண்டு நீண்ட அவ்வழக்கில், 1934இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஆம்ஸ்ட்ரோங்குக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இக்கண்டுபிடிப்புக்காக வானொலிப் பொறியியலாளர் கழகம் முன்பு அளித்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்க அவர் முன்வந்தார். கழகத்தார் அதனை ஏற்க மறுத்தனர். அவையோர் எழுந்து ஆரவாரித்தனர். வால்வின் இயல்பை விளங்கியவர் எவர் என்பதை அத்துறையினர் அறிந்திருந்தனர்.

இதனிடையே, முதலாம் உலகப் போரின்போது பிரான்சிற் பணியாற்றிய அவர், 1918இல் சுப்பர்கெற்றரோடைன் என்னும் வாங்கி முறையை அமைத்தார். பல தலைமுறை வானொலிப் பெட்டிகள் அம்முறையிலேயே இயங்கின. 1933இல் அலையின் வீச்சத்தை மாற்றாது மீடிறனை மாற்றி ஒலியைச் சுமக்கச் செய்யும் எப்.எம். முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1935 நவம்பரில் யொங்கேர்சிலே நண்பரொருவரின் இல்ல நிலையத்திலிருந்து ஒலிபரப்பி, நியூயோர்க்கில் அறிஞர் அவைக்கு அதனைக் காட்டினார். குவளையில் நீர் வார்க்கும் ஓசையும் தெளிவாகக் கேட்டது.

அதன் பின்னரும் இடர்கள் தொடர்ந்தன. 1945இல் எப்.எம். ஒலிபரப்புக்குரிய மீடிறன்கள் மாற்றப்பட, முன்னைய பெட்டிகள் பயனற்றன. பெரிய நிறுவனங்களோடு தொடுத்த வழக்குகள் அவர் செல்வத்தையும் உளநலத்தையும் அழித்தன. 1954 சனவரி 31இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்தமை பெருந்துயரமாகும். மனைவியார் மரியன் வழக்குகளைத் தொடர்ந்து நடத்தினார். இறுதி வழக்கு 1967இல் வெற்றியுடன் முடிந்தது.

ஆய்வில் ஈடுபடும் மாணவர் கண்டதைக் கண்ட அன்றே திகதியிட்டு எழுதிவைத்தல் நன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. பெற்றோராகிய நமக்கும் இதிலொரு பாடம் உண்டு. நம் வளவிலே சிறுவனொருவன் கமுகமரத்திற் கம்பி கட்ட முற்படின், அதனை வீண்வேலை என்று தடுத்துவிடாதிருப்போமாக.