அடிமைத்தளை அறுத்த பி. சீனிவாசராவ்

அடிமைகளின் எழுச்சி என்றதும் உலகம் நினைப்பது ஸ்பார்ட்டகஸை. கி.மு. 73-இல் இத்தாலியின் காப்புவா நகரிலிருந்த வாட்போர்ப் பயிற்சிக் கூடத்தினின்று ஏறத்தாழ 70 பேரோடு தப்பிய அவன், பல்லாயிரம் அடிமைகளைத் திரட்டி உரோமப் படைகளைப் பலமுறை முறியடித்தான். கி.மு. 71-இல் களத்தில் வீழ்ந்தான். சிறைப்பட்ட 6,000 பேர் காப்புவாவிலிருந்து உரோம் வரையிலான பெருவழியின் ஓரத்தில் சிலுவையில் அறையப்பட்டனர். அந்த வீரம் காவியமாயிற்று. அடிமைமுறையோ அப்படியே நிலைத்தது. நம் காவிரிக் கடைமடையில் நிகழ்ந்த எழுச்சி வேறு வகையானது. அதற்குத் தலைமை தாங்கியவர் வாளெடுக்கவில்லை; ஆண்டைகளைக் கையொப்பமிட வைத்தார்.

அடிமை என்னும் சொல் நமக்குப் புதிதன்று. 1201-ஆம் ஆண்டளவில், பஞ்சத்தில் உயிர் பிழைக்க வேண்டி, வேளாளர் ஒருவர் தம் இரு பெண்மக்களோடு 110 காசுக்குக் கோயிலுக்குத் தம்மை விற்றுக்கொண்ட செய்தியைத் திருப்பாம்புரக் கல்வெட்டு உரைக்கிறது. ஆங்கில அரசு 1843-இல் சட்டமியற்றி, நீதிமன்றம் அடிமை உரிமையை ஏற்காது என்றது. ஆயினும் தஞ்சை வயல்களில் பண்ணையாள் என்ற பெயரில் அதே வாழ்வு தொடர்ந்தது. கடனாலும் குடிசை மனையாலும் கட்டுண்ட குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணைக்கு உழைத்தன. தவறு செய்தவர் எனக் கருதப்பட்டவருக்குச் சவுக்கடி விழுந்தது. சாணத்தைக் கரைத்து வாயில் ஊற்றும் சாணிப்பால் தண்டனையும் இருந்தது. உடலை அடிப்பது போதாதென்று மானத்தையும் அடிக்கும் கொடுமை அது.

இந்நிலத்திற்குத்தான் சீனிவாசராவ் வந்து சேர்ந்தார். 1907-இல் கன்னடம் பேசும் அந்தணக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். நாட்டு விடுதலை வேட்கையால் கல்லூரிப் படிப்பைத் துறந்தார். சென்னையில் அந்நியத் துணி மறியலில் ஈடுபட்டுக் காவலரின் தடியடிக்கு ஆளானார். சிறையில் பொதுவுடைமையாளர் அமீர் ஹைதர்கானோடு ஏற்பட்ட தொடர்பு அவரது வாழ்வின் திசையை மாற்றியது. நாட்டு விடுதலையோடு உழைப்பவன் விடுதலையும் சேர்ந்தே வரவேண்டும் என்ற தெளிவோடு வெளிவந்தார்.

1943-இல் கட்சி அவரைத் தஞ்சைக்கு அனுப்பியது. மன்னார்குடிக்கு அருகிலுள்ள தென்பரையில், மடத்து நிலத்தை உழுத மக்களிடையே விவசாயிகள் சங்கம் உருவாயிற்று. பிறப்பால் அந்தணர், தாய்மொழியால் கன்னடர். இருந்தும் சேரிக் குடிசைகளில் தங்கினார், அவர்கள் தந்ததை உண்டார், அவர்களுக்கு விளங்கும் தமிழில் பேசினார். தாயின் வயிற்றில் எல்லாரும் பத்து மாதமே இருந்தோம் என்ற எளிய உண்மையிலிருந்து அவர் பேச்சுத் தொடங்கும். அடித்தவனைத் திருப்பி அடியுங்கள், இழிவாக விளித்தவனை அவ்வாறே விளியுங்கள் என்று அவர் கற்பித்ததைத் தஞ்சை மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர்.

இவற்றுள் இரண்டாவது பாடம் கவிஞர்கள் ஊன்றி எண்ணத்தக்கது. சவுக்குக்கு முன்னரே மனிதனைத் தாழ்த்துவது விளி. பெயரின்றி, மரியாதையின்றி அழைக்கப்பட்டவன், அழைத்தவனை நிமிர்ந்து நோக்கி அதே சொல்லைத் திருப்பித் தந்த கணத்தில் ஆண்டை, அடிமை என்ற இரண்டு சொற்களும் ஒருசேரப் பொருளிழந்தன.

1944-இல் மன்னார்குடி வட்டாரத்தில் ஒப்பந்தம் ஏற்பட்டது. சாணிப்பாலும் சவுக்கடியும் கைவிடப்பட்டன, கூலியும் உயர்ந்தது. பண்ணையாள் என்பவன் பேசித் தீர்க்க வேண்டிய ஒரு தரப்பு என்பதை நிலவுடைமையாளர் முதன்முதலாக ஏற்றனர். ஸ்பார்ட்டகஸின் தோழர்கள் அடிமை நிலத்தைவிட்டு வெளியேற முயன்றார்கள். தஞ்சைப் பண்ணையாட்கள் தங்கள் வயலிலேயே நின்று, வயலின் நீதியை மாற்றினார்கள்.

வெற்றிக்குக் கொடுத்த விலையும் பெரிது. 1948-இல் கட்சி தடைசெய்யப்பட, சீனிவாசராவ் தலைமறைவானார். களப்பால் குப்பு அவ்வாண்டிலேயே சிறையில் மாண்டார். 1950 மே மாதத்தில் வாட்டாக்குடி இரணியனும் சாம்பவான் ஓடை சிவராமனும் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இத்தனைக்கும் பிறகு, 1952 ஆகஸ்டில் இராஜாஜி அமைச்சரவை தஞ்சைச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. குத்தகையாளருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு உறுதியாயிற்று; பண்ணையாளை நினைத்தபோது நீக்குவதற்குத் தடை வந்தது.

அச்சட்டம் நம் கீழவாஞ்சூரைத் தொடவில்லை. காரைக்கால் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் முதல் நாளில்தான் ஆட்சி கைமாறியது. இரு புறமும் விளைந்தது ஒரே காவிரி நெல். சட்டமோ நாகூரோடு நின்றது. அப்பாலும் அது முழுமையாகக் காக்கவில்லை. பண்ணையாளாக வைத்துக்கொள்வதைத் தவிர்த்து, அன்றாடக் கூலிகளாக்கும் வழியை உடைமையாளர் பலர் கண்டனர். தளை அறுந்தது; நிலம் கிடைக்கவில்லை.

நிலம் வேண்டும் என்பதே சீனிவாசராவின் இறுதிப் போராட்டம். 1961-இல் நில உச்சவரம்புச் சட்டத்தின் குறைகளை எதிர்த்துக் கிளர்ச்சி நடந்தது; ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். உழைத்துத் தேய்ந்த உடல் அதற்குமேல் தாங்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 30-இல் தஞ்சையில் அவர் மறைந்தார். அகவை 54. திருத்துறைப்பூண்டியில் அவரது நினைவிடம் உள்ளது. ஏழாண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவில், கூலி உயர்வு கேட்ட கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். நிமிர்ந்த முதுகை மன்னிக்க ஆதிக்கம் அத்தனை காலம் மறுத்தது.

கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டதாகும். எனினும் செங்கற் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் முன்பணத்துக்குக் கட்டுண்ட குடும்பங்கள் மீட்கப்படும் செய்திகள் அதன் பின்னரும் வந்தவண்ணமே உள்ளன. சட்டம் எழுதப்படுவதோடு அடிமைத்தனம் முடிவதில்லை. அஞ்சியவன் வாய்திறக்கும்போதே அது முடியத் தொடங்குகிறது. சொல்லைத் தொழிலாகக் கொண்ட நம் வட்டத்தார்க்கு அவர் விட்டுச் சென்ற கடமை இதுவே. வீழ்ந்த வீரனைப் பாடுவது எளிது. குனிந்திருந்தவன் நிமிர்ந்து பேசிய முதற்சொல்லைப் பாடுவோமாக.