சுமை இறங்கிய இடம்

இங்கிலாந்து நாட்டின் பெட்போர்ட் நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628ஆம் ஆண்டு ஜான் பன்யன் பிறந்தார். ஊர் ஊராகச் சென்று ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடுவது அவர்தம் தொழில். 1644ஆம் ஆண்டில் தாயையும் தங்கையையும் அடுத்தடுத்து இழந்தார். அவ்வாண்டிலேயே பாராளுமன்றப் படையிலும் சேர்ந்தார். பின்னர் மணம் புரிந்தபோது, பாத்திரம் செப்பனிடும் அவர் வீட்டில் உண்கலமும் கரண்டியும்கூட இல்லை. மணமகள் கொண்டுவந்த சீர் இரண்டு பக்தி நூல்களே.

அந்நூல்கள் அவர் உள்ளத்தை விழிக்கச் செய்தன, அமைதியைத் தரவில்லை. கோயில் மணி அடிப்பதில் பெருவிருப்பம் கொண்டிருந்தவர், அதனை வீண் களியாட்டென்று கைவிட்டார். ஆயினும் பிறர் அடிப்பதைக் காணச் சென்றார். மணி அறுந்து விழுமோ என்று அஞ்சி விட்டத்தின் அடியில் ஒதுங்கினார். விழும் மணி சுவரில் மோதித் தம்மேல் தெறிக்குமோ என்றெண்ணி வாயிற்படிக்கு வந்தார். கோபுரமே சரியுமோ என்ற நடுக்கம் பிடித்தபோது அங்கிருந்தும் ஓடினார். ஒதுங்கிய இடமெல்லாம் அச்சத்திற்குப் புதிய காரணம் தந்தது.

ஒருநாள் தொழிலின்பொருட்டுப் பெட்போர்ட் தெருவழியே சென்றபோது, ஏழைப் பெண்டிர் சிலர் ஒரு வீட்டு வாயிலில் வெயிலில் அமர்ந்து உரையாடிக்கொண்டிருந்தனர். சமயம் பேசுவதில் தம்மை வல்லவராகக் கருதியிருந்த பன்யன் அருகே சென்று செவிமடுத்தார். இறைவன் தங்கள் உள்ளத்தில் செய்த மாற்றத்தை அவர்கள் மகிழ்ச்சியோடு பேசினர். தம்மிடம் இல்லாதது இன்னதென்று அன்று அவருக்குப் புலப்பட்டது.

எனினும் புயல் ஓயவில்லை. கிறிஸ்துவை விற்றுவிடு என்னும் எண்ணம் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவரை அலைக்கழித்தது. ஒருநாள் களைத்துப்போய் அதற்கு இசைந்துவிட்டதாகக் கருதினார். ஒருவேளை உணவுக்காகத் தலைமகனுரிமையை விற்ற ஏசாவைப் போலத் தாமும் மீளாக் கேட்டிற்கு ஆளானதாக நம்பி வாடினார். கலாத்தியர் நிருபத்திற்கு லூத்தர் எழுதிய விரிவுரையின் பழம்பிரதி ஒன்று கிடைத்தபோது, தம் நோயை முன்பே ஒருவர் அறிந்திருந்தமை கண்டு வியந்தார்.

விடுதலை ஒரு வயல்வெளியில் வந்தது. தமக்குரிய நீதி தம்மிடத்தில் இல்லை, இறைவனின் வலப்பக்கத்தில் கிறிஸ்துவாகவே இருக்கிறது என்னும் எண்ணம் நடந்துகொண்டிருந்தவர் உள்ளத்தில் பளிச்சிட்டது. தம் மனம் தெளிந்திருந்தால் அந்நீதி மிகுவதில்லை, கலங்கினால் குறைவதுமில்லை. ஓயாது தம்மையே சோதித்துத் தளர்ந்தவர், பார்வையை அப்பால் திருப்பியபோது அமைதி கண்டார்.

அவ்வமைதிக்குக் கடுஞ்சோதனை 1660ஆம் ஆண்டு நவம்பரில் வந்தது. அரசு ஏற்ற திருச்சபைக்குப் புறம்பாகக் கூட்டம் கூட்டிப் போதித்தமைக்காகச் சிறைப்பட்டார். இனிப் போதிப்பதில்லை என ஒப்புக்கொண்டிருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். இரண்டாம் மனைவி எலிசபெத் நீதிபதிகளிடம் மன்றாடியும் பயனில்லை. வீட்டில் நான்கு குழந்தைகள். மூத்தவளாகிய மேரி பார்வையற்றவள். தம் வீட்டைத் தம் குடும்பத்தார் தலைமேலேயே இடித்துத் தள்ளுகிறோமோ என்று அவர் நெஞ்சம் துடித்தது. காலணிக் கயிறுகள் செய்து விற்று அவர்களைக் காக்க முயன்றார். அவர்களை இறைவன் பொறுப்பில் ஒப்படைத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உறுதியாக நின்றார். கவலை முற்றும் நீங்கியதால் வந்த அமைதியன்று அது. கவலையைச் சுமப்பவர் வேறொருவர் என்னும் துணிவால் வந்தது.

தம் அகப்போராட்ட வரலாற்றைச் சிறையிலிருந்தே 1666ஆம் ஆண்டில் வெளியிட்டார். விடுதலைக்குப் பின் 1678ஆம் ஆண்டில் வெளிவந்த மோட்சப் பிரயாணத்தில் அவ்வனுபவம் கதையுருப் பெற்றது. முதுகில் சுமையோடு புறப்படும் பயணியின் கட்டு சிலுவையின் அருகே தானே அவிழ்ந்து, கல்லறைக்குள் உருண்டு மறைகிறது. அதன் பின்னரும் அவன் ஐயக் கோட்டையில் அடைபடுகிறான். இறுதி ஆற்றில் இறங்கும்போதும் அஞ்சுகிறான். உடன்வந்த நண்பனே அவன் தலையை நீர்மேல் தாங்குகிறான். நம்பினோர்க்கு அச்சமே வாராது என்று பன்யன் பொய் சொல்லவில்லை.

1688ஆம் ஆண்டு ஆகஸ்டில், பிணங்கிய தந்தையையும் மகனையும் இணக்குவிக்கச் சென்று திரும்புகையில் மழையில் நனைந்து, காய்ச்சலுற்று, இலண்டனில் மறைந்தார்.

சிறைக்குள் கயிறு முடைந்த கை எழுதிய அக்கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894ஆம் ஆண்டில் வெளிவந்தது. தன் மூட்டையுடன் நடந்த பயணி, அவ்வாறு தமிழ் விருத்தத்தின் வழியேயும் சிலுவையடியை வந்தடைந்தான்.