வாந்திபேதியை வரைபடத்தில் பிடித்த டாக்டர்

1854-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி இரவு. லண்டன் மாநகரில் சோஹோ என்ற பேட்டை.

சந்து பொந்து நிறைந்த இடம் அது. ஒரே வீட்டில் நாலைந்து குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. அந்த இரவில் அங்கே வாந்திபேதி பாய்ந்தது.

காலையில் நடமாடியவர் மாலையில் பிணமானார். பிராடு தெருவிலும் அதைச் சுற்றியும் மூன்றே நாளில் 127 பேர் மாண்டார்கள். ஓட முடிந்தவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினார்கள்.

அந்த நேரத்தில் ஒரு டாக்டர் அந்தத் தெருக்களுக்கு உள்ளே நடந்து வந்தார். அவருக்கு வயது 41. கையில் ஒரு பட்டியல் இருந்தது. வாந்திபேதியில் இறந்தவர்களின் விலாசங்கள் அதில் இருந்தன.

ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினார். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். இறந்தவர் எந்தப் பம்புத் தண்ணீரைக் குடித்தார் என்பதே அந்தக் கேள்வி.

அவர்தான் டாக்டர் ஜான் ஸ்னோ. ஒரு வரைபடத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தவர்.

கூலிக்காரர் மகன்

ஜான் ஸ்னோ இங்கிலாந்தில் யார்க் நகரில் 1813-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி பிறந்தார். தகப்பனார் நிலக்கரிக் கிடங்கில் கூலி வேலை செய்தவர். ஒன்பது குழந்தைகளில் ஜான்தான் மூத்தவர்.

14 வயதில் நியூகாசில் நகரில் ஒரு வைத்தியரிடம் தொழில் பழகச் சேர்ந்தார்.

1831-ம் ஆண்டில் வாந்திபேதி நாடு நாடாகத் தாவி, முதன்முதலாக இங்கிலாந்துக்குள் நுழைந்தது. கில்லிங்வொர்த் என்ற ஊரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளை அது வாட்டியது. வைத்தியர் தம் சீடனை அங்கே அனுப்பினார். ஸ்னோவுக்கு அப்போது 18 வயது.

இரவு பகலாகப் பாடுபட்டார். ஆனால் அந்த நோய்க்கு அன்று மருந்து இல்லை. தம் கண் முன்னால் மனிதர்கள் சாவதைத்தான் அவர் பார்க்க முடிந்தது.

சுரங்கத் தொழிலாளியின் வாழ்க்கையையும் அவர் கவனித்தார். பூமிக்கு அடியில் கக்கூசு கிடையாது. கை கழுவவும் வசதி இல்லை. அழுக்குக் கையோடுதான் சாப்பிட்டார்கள். இது அவர் மனத்தில் பதிந்தது.

1836-ல் லண்டனுக்குப் போய் வைத்தியம் படித்தார். 1844-ல் எம்.டி. பட்டம் பெற்றார். இளமையிலேயே மாமிசத்தை விட்டவர். மதுவிலக்குச் சங்கத்தில் சேர்ந்தவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் ஆராய்ச்சியே வாழ்க்கை என்று இருந்தார்.

அப்போதுதான் மயக்க மருந்து புதிதாக வந்திருந்தது. எவ்வளவு கொடுத்தால் ஆபத்து இல்லை என்று ஸ்னோ அளந்து கண்டுபிடித்தார். 1853-ல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்தின்போது குளோரோபாரம் கொடுக்க அவரையே அழைத்தார்கள். 1857-லும் அவரையே அழைத்தார்கள்.

கூலிக்காரர் மகன் அரண்மனை வரை போய்விட்டார். ஆனாலும் ஏழைகளைக் கொல்லும் வாந்திபேதியை அவர் மறக்கவில்லை.

காற்றா? தண்ணீரா?

அந்தக் காலத்துப் பெரிய டாக்டர்களின் அபிப்பிராயம் என்ன? குப்பையிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் விஷக்காற்று கிளம்புகிறது, அதைச் சுவாசித்தால் வாந்திபேதி வரும் என்பதுதான்.

ஸ்னோ இதை நம்பவில்லை. காற்றில் வரும் விஷம் என்றால் முதலில் மார்பை அல்லவா தாக்க வேண்டும்? இந்த நோயோ முதலில் வயிற்றில் ஆரம்பிக்கிறது. ஆகவே வாய் வழியாகத்தான் உள்ளே போகிறது. நோயாளியின் கழிவு தண்ணீரில் கலக்கிறது. அதைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது. இப்படி 1849-ல் ஒரு சிறு புத்தகம் எழுதி வெளியிட்டார்.

டாக்டர்கள் அதை ஏற்கவில்லை. கண்ணால் காண முடியாத ஒன்றை எப்படி நம்புவது? ஸ்னோவுக்கு அத்தாட்சி தேவைப்பட்டது. ஐந்து வருஷம் கழித்து, அவர் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே அந்தப் பயங்கரம் வந்தது.

83 சாவுகள்

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போய் ஸ்னோ பட்டியல் வாங்கினார். அந்த முதல் மூன்று நாட்களில் 83 சாவுகள் பதிவாகி இருந்தன.

விலாசங்களைத் தேடி நடந்தார். 73 சாவுகள் பிராடு தெருப் பம்புக்குப் பக்கத்து வீடுகளில் நடந்திருந்தன. அவர்களில் 61 பேர் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று வீட்டார் சொன்னார்கள்.

மீதி 10 பேர்? அவர்கள் வீட்டுக்கு வேறு பம்புதான் பக்கம். இங்கே வேறு ஒருவராக இருந்தால் விட்டுவிடுவார். ஸ்னோ விடவில்லை. அந்த வீடுகளுக்கும் போனார்.

ஐந்து குடும்பங்கள் பிராடு தெருத் தண்ணீரே நல்லது என்று ஆள் அனுப்பி எடுத்து வரச் சொல்லிக் குடித்தவை. இன்னும் மூன்று பேர் குழந்தைகள். அவர்கள் படித்த பள்ளிக்கூடம் அந்தப் பம்புக்கு அருகில் இருந்தது!

சாகாதவர்கள் சொன்ன சாட்சி

செத்தவர்களை மட்டும் அவர் விசாரிக்கவில்லை. பக்கத்திலேயே இருந்தும் சாகாதவர்கள் யார் என்றும் தேடினார்.

பக்கத்தில் ஏழைகள் விடுதி ஒன்று இருந்தது. அதில் 535 பேர். சுற்றிலும் வீடுகளில் சாவு. உள்ளே இறந்தவர்கள் 5 பேர்தான். காரணம், விடுதிக்குள்ளேயே கிணறு இருந்தது. பிராடு தெருத் தண்ணீரை அவர்கள் எடுப்பதே இல்லை.

பிராடு தெருவில் ஒரு பீர் ஆலை. எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளிகள். வாந்திபேதியில் ஒருவர்கூடச் சாகவில்லை. அவர்களுக்கு ஆலையிலேயே பீர் கொடுத்தார்கள். ஆலைக்குச் சொந்தக் கிணறும் இருந்தது. தெருப் பம்பை அவர்கள் நாடவே இல்லை.

அதே தெருவில் துப்பாக்கிச் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்று. அங்கே தொழிலாளிகள் குடிப்பதற்காக இரண்டு தொட்டிகளில் பம்புத் தண்ணீர் நிரப்பி வைப்பது வழக்கம். அங்கே 18 பேர் மாண்டார்கள்.

எல்லாவற்றையும்விட அதிசயம் ஒரு விதவையின் மரணம். அவர் இருந்தது தூரத்திலுள்ள ஹாம்ஸ்டெட் என்ற இடத்தில். அங்கே வாந்திபேதியே இல்லை. அவர் எப்படி இறந்தார்?

ஸ்னோ அங்கேயும் போய் விசாரித்தார். அந்த அம்மாள் முன்பு பிராடு தெருவில் குடியிருந்தவர். அந்தத் தண்ணீரின் ருசியை மறக்க முடியாமல், தினமும் வண்டியில் ஒரு பெரிய பாட்டில் வரவழைத்துக் குடித்தார். பார்க்க வந்த உறவுக்காரப் பெண்ணும் அதைக் குடித்தாள். அவள் வேறு பேட்டையில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பிப் போய், அங்கே இறந்தாள்.

கைப்பிடி கழன்றது

செப்டம்பர் 7-ந் தேதி மாலை. அந்த வட்டாரத்து நிர்வாக சபை கூடியிருந்தது. ஸ்னோ போய்த் தாம் கண்டதைச் சொன்னார்.

சபையினர் முழுவதும் நம்பினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மறுநாள் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். கைப்பிடி இல்லாமல் தண்ணீர் அடிப்பது எப்படி?

உண்மையில் அதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கி இருந்தது. ஜனங்கள் ஓடிவிட்டதும் ஒரு காரணம். ஸ்னோவே இதை ஒளிக்காமல் எழுதினார். அந்தக் கொடுமையில் இறந்தவர்கள் மொத்தம் 616 பேர்.

படம் பேசியது

இதன் பிறகுதான் ஸ்னோ தமது புகழ் பெற்ற வரைபடத்தைத் தயாரித்தார்.

வரைபடம் என்பது ஊரை வானத்திலிருந்து பார்ப்பது போன்றது. தெருக்களும் வீடுகளும் தண்ணீர்ப் பம்புகளும் அதில் இருந்தன. ஒரு சாவுக்கு ஒரு சிறு கறுப்புக் கோடு. இறந்தவர் வீடு எதுவோ அங்கே அந்தக் கோட்டைப் போட்டார். ஒரே வீட்டில் நாலு சாவு என்றால் நாலு கோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்.

பட்டியலில் வெறும் பெயர்களாக இருந்தவை படத்தில் உருவம் எடுத்தன. பிராடு தெருப் பம்பைச் சுற்றிக் கறுப்புக் கோடுகள் ஈ மொய்ப்பது போல மொய்த்தன. தூரம் போகப் போகக் குறைந்தன.

பிறகு இன்னொரு வேலை செய்தார். தண்ணீர் எடுக்கப் போகிறவர் பறந்து போவதில்லை. தெரு வழியாக நடந்துதான் போகிறார். ஆகவே ஒவ்வொரு தெருவிலும் ஓர் இடத்தைக் குறித்தார். அங்கிருந்து பிராடு தெருப் பம்புக்கும் அடுத்த பம்புக்கும் நடக்கும் தூரம் சமமாக இருக்கும். அந்த இடங்களை எல்லாம் சேர்த்து எல்லை போட்டார். எல்லைக்கு உள்ளே சாவுகள் நிறைந்தன. எல்லையை நெருங்கும்போது சாவுகள் அருகிவிட்டன.

விஷக்காற்று என்றால் நாலா பக்கமும் பரவும். நடைவழி பார்த்து நிற்குமா?

40-ம் எண் வீடு

ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார் அந்தப் பேட்டையில் ஊழியம் செய்தவர். ஸ்னோ சொல்வது தவறு என்று நிரூபிக்கவே அவர் கிளம்பினார். எல்லா வீட்டாரையும் அவருக்குத் தெரியும். ஆனால் விசாரிக்க விசாரிக்க, ஸ்னோ சொன்னதே சரி என்று கண்டார். மனத்தை மாற்றிக்கொண்டார்.

நோய் எங்கிருந்து தொடங்கியது என்பதையும் அவரே கண்டுபிடித்தார். பம்புக்கு எதிரிலேயே 40-ம் எண் வீடு. அங்கே ஒரு கைக்குழந்தைக்கு ஆகஸ்டு மாதக் கடைசியில் பேதி கண்டது. தாய் அழுக்குத் துணியை அலசி, அந்த நீரை வீட்டு மலக்குழியில் ஊற்றினாள். 1855-ல் தோண்டிப் பார்த்தார்கள். மலக்குழிக்கும் பம்புக் கிணற்றுக்கும் இடையே மூன்றடிகூட இல்லை. செங்கல் சுவர் இற்றுப்போயிருந்தது.

அந்தக் குழந்தையின் தகப்பனாரும் வாந்திபேதியில் விழுந்தார். என்று தெரியுமா? செப்டம்பர் 8-ந் தேதி. பம்பின் கைப்பிடி கழற்றப்பட்ட அதே நாள்! கிணற்றில் மறுபடியும் விஷம் கலந்திருக்கக்கூடும்; கைப்பிடி இருந்திருந்தால் ஜனங்கள் அதைக் குடித்திருப்பார்கள். இன்னும் எத்தனை வீடுகள் அழிந்திருக்குமோ?

உப்பு காட்டிக்கொடுத்தது

அதே ஆண்டில் தெற்கு லண்டனிலும் ஸ்னோ ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தினார். அங்கே இரண்டு கம்பெனிகள் குழாய்த் தண்ணீர் கொடுத்தன. ஒரு கம்பெனி தேம்ஸ் நதியில் நகரத்துக்கு மேலே, சுத்தமான இடத்தில் தண்ணீர் எடுத்தது. மற்றொன்று நகரத்துச் சாக்கடை கலக்கும் இடத்தில் எடுத்தது. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு இந்தக் குழாய், அடுத்த வீட்டுக்கு அந்தக் குழாய்.

தங்கள் வீட்டுக் குழாய் எந்தக் கம்பெனியுடையது என்று பலருக்குத் தெரியாது. ஸ்னோ தண்ணீரைப் பிடித்துச் சோதித்தார். சாக்கடைப் பக்கத்துத் தண்ணீரில் உப்பு பல மடங்கு அதிகம். உப்பே கம்பெனியைக் காட்டிக்கொடுத்தது!

முதல் ஏழு வாரக் கணக்கு இது: அழுக்குத் தண்ணீர் பெற்ற வீடுகளில் 10,000-க்கு 315 சாவுகள். சுத்தமான தண்ணீர் பெற்ற வீடுகளில் 10,000-க்கு 37 சாவுகள்தான்.

45 வயதில் மரணம்

இவ்வளவு அத்தாட்சி இருந்தும் சர்க்கார் சுகாதார சபை 1855-ல் அவர் முடிவை ஏற்க மறுத்தது. விஷக்காற்று என்றே சாதித்தது.

1858-ம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்னோ மயக்க மருந்து பற்றிய புத்தகத்தை எழுதி முடிக்கும் தறுவாயில் இருந்தார். திடீரென்று பக்கவாதம் தாக்கியது. 16-ந் தேதி காலமானார். வயது 45.

1866-ல் கிழக்கு லண்டனில் மறுபடி வாந்திபேதி பரவியது. அப்போது வில்லியம் பார் என்ற புள்ளிவிவர அதிகாரி, தண்ணீரே காரணம் என்று ஒப்புக்கொண்டார். முன்பு ஸ்னோவை மறுத்தவர்களில் அவரும் ஒருவர். 1884-ல் ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் காக் நம் கல்கத்தாவில் ஆராய்ந்து, வாந்திபேதிக் கிருமி இதுதான் என்று உலகத்துக்கு அறிவித்தார். குளத்துத் தண்ணீரிலும் அதைக் கண்டார்.

கிருமியைக் கண்ணால் பார்க்காமலே, அது குடியிருந்த இடத்தை ஸ்னோ காட்டிவிட்டார்!

அந்தத் தெருவுக்கு இப்போது பிராடுவிக் தெரு என்று பெயர். அங்கே கைப்பிடி இல்லாத ஒரு பம்பை ஞாபகச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு மதுக்கடைக்கு, மதுவிலக்குச் சங்கத்தில் இருந்த அந்த மனிதரின் பெயரையே வைத்துவிட்டார்கள்!

உங்கள் வீட்டுப் பையன் பூகோளப் பாடத்துக்கு வரைபடம் போடும்போது, வெறும் கோடுதானே என்று நினைக்காதீர்கள். எங்கே புள்ளிகள் கூடியிருக்கின்றன, எங்கே இல்லை, அது ஏன் என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். இன்றும் ஓர் ஊரில் வாந்திபேதி தலைகாட்டினால், சுகாதார ஊழியர்கள் நோயாளிகளின் வீடுகளைப் படத்தில் குறித்து, அவர்கள் குடித்த தண்ணீரைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள்.